அளவு சரி, ஆள் யார்?

இந்த மாதப் பாடம்: உடல்நலம்



குழுக் கூட்டத்தில் கணக்கு எழுதும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! ஒருவர் கட்டிய 100 ரூபாய் சேமிப்பு இன்னொருவர் பாஸ் புத்தகத்தில் ஏறிவிட்டால் அன்றைக்குக் கூட்டமே முடியாது. "யார் எழுதினது? எந்தத் தேதி? கையெழுத்து எங்கே?" என்று கேட்டு, திருத்தி, அதையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் பாயை விட்டு எழுந்திருப்போம்.

ஆனால் நம்முடைய சர்க்கரை அளவு, பிரஷர் அளவு, ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பேரில் ஏறிவிட்டால்? பல நேரம் நமக்குத் தெரியவே தெரியாது. பணம் தவறாக ஏறினால் திருத்திக்கொள்ளலாம். உடம்பு அளவு தவறாக ஏறினால் மாத்திரை தவறாகும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

அதனால் இந்த மாதம் மூன்று விஷயங்களைப் படிப்போம்.

1. எடுத்த அளவு நம்முடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?
2. அபா நம்பர் என்றால் என்ன? அது எதற்கு உதவும், எதற்கு உதவாது?
3. நம் உடம்புக் கணக்கின் சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

முதலில் ஒரு கதை

இது பாடத்துக்காகச் சொல்லும் கதைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

வீராம்பட்டினத்தில் ஒரு குடும்பம். மாமியார் மீன் விற்பவர். காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மருமகளுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை வந்துவிட்டது. மகன் நல்ல மனசோடு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வந்தான். அதைத் தன் செல்போனோடு இணைத்து, "அம்மா" என்று ஒரே ஒரு கணக்கு தொடங்கினான். விரலில் குத்திப் பார்த்தால் அளவு தானாகப் போனில் ஏறிவிடும்.

மாமியார் பார்த்தார். மருமகளும் அதே மெஷினில் பார்த்துக்கொண்டாள். எல்லா அளவும் "அம்மா" கணக்கிலேயே ஏறியது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மகன் போனைக் காட்டினான். 238, 251, 246 என்று இருந்தது. "மாத்திரை போதவில்லை" என்று டாக்டர் அளவைக் கூட்டினார். நாலாவது நாள் ஏலக் கரையில் மாமியாருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது, கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த குழுத் தோழி ஒருவர் சட்டென்று மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், சர்க்கரை தண்ணி குடித்த பிறகும் 64-தான் இருந்தது. 70-க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை.

சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது.

"ஏம்மா, நான்தான் சோறைக் குறைச்சு ரெண்டு மாசமாச்சே. எனக்கு எப்படி 251 வரும்?"

"அத்தே... அந்த 251 என்னுது. திருவிழா அன்னிக்கு சாப்பிட்டுட்டு நான் குத்திப் பார்த்தேன்."

"அப்ப 246?"

"அதுவும் என்னுதுதான் அத்தே. உங்களது 140, 150-தான் இருந்துச்சு."

மெஷின் சரியாக வேலை செய்தது. டாக்டர் கண்ணால் பார்த்த எண்ணை வைத்துத்தான் முடிவு எடுத்தார். மகனும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பின்னே தவறு எங்கே? அளவுக்கும் ஆளுக்கும் நடுவில் முடிச்சுப் போடவில்லை. அதுதான் தவறு. மாமியாருக்குத் தேவையில்லாத மாத்திரை போனது. மருமகளுக்குத் தேவையான மாத்திரை போகவே இல்லை. ஒரே தவறு இரண்டு பேரைப் பாதித்தது.

ஒரே எண், இரண்டு அர்த்தம்

"எண் சரியா இருந்தா போதாதா?" என்று சில தோழிகள் கேட்கலாம். போதாது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.2 என்று வந்திருக்கிறது. இது ஒரு கர்ப்பிணியின் அளவு என்றால் பரவாயில்லை. ஏனென்றால் கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால்தான் ரத்தசோகை என்று கணக்கு. கர்ப்பம் இல்லாத பெண் என்றால் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஆகவே அதே 11.2 அவருக்குக் குறைவு.

சர்க்கரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் 150 என்றால் யோசிக்க வேண்டிய அளவு. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து 150 என்றால், ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு அது நல்ல கட்டுப்பாடு. ஆகவே எந்த அளவோடும் நான்கு விஷயம் சேர்ந்தே இருக்க வேண்டும்: யாருடையது, எந்தத் தேதி எத்தனை மணி, எந்த நிலையில் எடுத்தது, யார் எடுத்தது. நம் பாஸ் புத்தகத்தில் பேர், தேதி, தொகை, கையெழுத்து இருக்கிற மாதிரிதான்.

பேர் மட்டும் ஏன் போதாது?

நம் கூட்டமைப்பிலேயே லட்சுமி என்று எத்தனை பேர்? செங்கேணி என்று எத்தனை பேர்? கூட்டத்தில் "மேட்டுத்தெரு லட்சுமி", "ஐஸ் பேக்டரி லட்சுமி" என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அந்த அடையாளம் தெரியாது.

பெண்களுக்கு இதில் இன்னும் சிக்கல் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பிறகு வீட்டுக்காரர் இனிஷியல். ரேஷன் அட்டையில் ஒரு பேர், வங்கிக் கணக்கில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுவது வேறு பேர். வயதைக் கேட்டால் "ஒரு நாற்பது இருக்கும்" என்போம். அதனால் ஒரே பெண் ஆஸ்பத்திரிக் கணக்கில் மூன்று பேராக இருப்பார். மூன்று லட்சுமிகள் ஒரே ஆளாகவும் ஆகிவிடுவார்கள். முதலாவதில் நம் பழைய நோய் விவரம் டாக்டருக்குத் தெரியாமல் போகும். இரண்டாவதில் இன்னொருவர் நோய் நம் தலையில் ஏறும்.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளி பாதுகாப்புக்காகச் சில வழிமுறைகளை வெளியிட்டது. ஆளைச் சரியாக அடையாளம் காண்பது அவற்றில் ஒன்று. அதில் சொன்னது சுலபம்தான். சோதனைக்கு முன்னால், மருந்துக்கு முன்னால், குறைந்தது இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும். பேரும் பிறந்த தேதியும், அல்லது பேரும் ஆஸ்பத்திரி நம்பரும். கட்டில் நம்பர் அடையாளம் ஆகாது. கட்டில் மாறும், ஆள் மாறும்.

கேட்கும் முறையும் முக்கியம். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், கூட்டத்தில், களைப்பில், காது சரியாகக் கேட்காமல் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டால்தான் அவர் வாயால் வரும். யாராவது உங்களிடம் முதல் மாதிரி கேட்டால், ஆமாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். முழுப்பேர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் நீங்களே சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது குப்பியில் பேர் ஒட்டுவது உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். "கொஞ்சம் காட்டுங்க, என் பேர்தானே?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஏலத்தில் எடுத்த மீனை நம் கூடையில் போடும் வரைக்கும் கண்ணை எடுக்கிறோமா? அதே கவனம் ரத்தக் குப்பிக்கும் வேண்டும்.

அபா நம்பர் என்றால் என்ன?

இந்தப் பேர்க் குழப்பத்தைத் தீர்க்க அரசு கொண்டுவந்த வழிதான் அபா. ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுண்ட் என்பதன் சுருக்கம். 14 இலக்க எண். இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 2020 ஆகஸ்ட் 15-ல் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில்தான் சோதனையாகத் தொடங்கினார்கள். அந்த ஆறில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் விரிவாக்கினார்கள். அப்போது ஹெல்த் ஐ.டி. என்று இருந்த பேர்தான் பிறகு அபா ஆனது.

இது எப்படி வேலை செய்கிறது? நாம் குழுவில் புது உறுப்பினரைச் சேர்க்கும்போது முதலில் யார் என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் உறுப்பினர் எண் கொடுக்கிறோம். அதன் பிறகு எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான். அபாவும் அப்படியே. ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைக் கொடுத்ததும் "இந்த ஆள் இவர்தான்" என்று உறுதி ஆகிறது. பிறகு 14 இலக்க எண் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த எண்ணைக் கொடுத்தால், அங்கே எடுத்த அளவும் சோதனை முடிவும் மருந்துச் சீட்டும் அந்த எண்ணோடு இணைக்கப்படும். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நாம் சம்மதித்தால் அங்குள்ள டாக்டர் பழைய விவரத்தைப் பார்க்க முடியும்.

தோழிகள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகள்:

"அபா இருந்தா 5 லட்சம் கிடைக்குமா?" கிடைக்காது. அது ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை, வேறு. அபா என்பது உடல்நலக் கணக்குக்கான எண் மட்டும்தான்.

"கட்டாயமா எடுக்கணுமா?" கட்டாயம் இல்லை. நம் விருப்பம்தான். இலவசம்தான். அபா இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. எடுத்த பிறகு வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளவும் வழி உண்டு.

"நம்ம விவரம் எல்லாம் டெல்லியில ஒரே இடத்துல இருக்குமா?" இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தோமோ அங்கேயே இருக்கும். இன்னொரு இடம் கேட்டால் நமக்கு அறிவிப்பு வரும். எந்த விவரம், எத்தனை நாளுக்கு என்று பார்த்து நாம் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

"அபா இருந்தா இனிமே தப்பே வராதா?" இதுதான் முக்கியமான கேள்வி. வரும். உங்கள் அபா எண்ணில் பக்கத்து வீட்டு அக்காவின் சர்க்கரையை ஏற்றினால் அபா என்ன செய்யும்? எண் சரியானதாக இருந்தாலும், அளவு எடுக்கும் அந்த நிமிஷத்தில் ஆளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியது மனிதர்கள்தான். கதையில் வந்த மாமியாருக்கு அபா இருந்திருந்தாலும் அதே தவறு நடந்திருக்கும்.

சாவி யார் கையில்?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருவோம். ஓ.டி.பி. வரும் போன் யாருடையது?

நம்மில் பலருக்கு ஆதாரோடு இணைந்திருப்பது வீட்டுக்காரர் நம்பர் அல்லது மகன் நம்பர். சிலருக்கு, எப்போதோ முகாமில் உதவிய யாரோ ஒருவர் நம்பர். அப்படி இருந்தால் நம் உடம்பு விவரத்தை யார் பார்க்கலாம் என்று சம்மதம் கொடுப்பது நாம் இல்லை, அந்தப் போனை வைத்திருப்பவர்தான்.

"வீட்டுக்காரர்தானே, இருந்தா என்ன?" என்று கேட்கலாம். பிரஷர் அளவு என்றால் பெரிதில்லை. ஆனால் கர்ப்பம், கருச்சிதைவு, காசநோய், எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை இவையும் அதே கணக்கில் வரலாம். யாரிடம் எப்போது சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை நம்முடையது. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமை மீன் கூடைக்காரிக்கும் உண்டு.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டம் தொடங்கியது. வீராம்பட்டினத்திலும் ஒரு மையம் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். அந்த அளவை எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை பேருக்கும் நல்லது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்யலாம்.

உடம்பு அளவு அப்படி இல்லை. முகாமில் வரிசையில் நிற்கும்போது "அம்மா, உனக்கு சுகர் முன்னூறு!" என்று சத்தமாகச் சொன்னால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் போகும். கடல் அளவு ஊருக்கெல்லாம் சேர வேண்டியது. உடம்பு அளவு அந்த உடம்புக்காரிக்கும், அவள் அனுமதித்தவர்களுக்கும் மட்டும் சேர வேண்டியது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது.

அளவெடுக்கும் தோழிகளுக்கு

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களில் இருந்து வந்தவர்கள். நம்மைப் போன்றவர்கள். ஆகவே ஆளையும் அளவையும் சரியாக முடிச்சுப் போடுவது இனி ஆஸ்பத்திரி வேலை மட்டும் இல்லை, குழுப் பெண்களின் வேலையும்தான். நம் குழுவே முகாம் நடத்தினாலும் இதைக் கடைப்பிடிப்போம்.

- பேரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். அட்டையோடு ஒப்பிடுங்கள்.
- ஒருவர் அளவை எழுதி முடித்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடுங்கள். பத்துப் பேருக்குப் பார்த்துவிட்டு நினைவில் இருந்து எழுதாதீர்கள்.
- எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், மெதுவான குரலில்.
- ஒவ்வொருவருக்கும் புது ஊசி. ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம்.
- பதிவேட்டைப் படம் எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு மெஷினை இரண்டு பேர் பயன்படுத்தினால் அதன் நினைவை நம்பாதீர்கள். ஆளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், வெறும் வயிறா சாப்பிட்ட பிறகா, அளவு என்று எழுதுங்கள். போன் ஆப் வைத்திருந்தால் ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும்.
2. மெஷினில் பேட்டரி மாற்றினால் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். தவறான தேதியில் ஏறிய அளவு, தவறான ஆள் பேரில் ஏறிய மாதிரிதான்.
3. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றிலும் பேர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மாறியிருந்தால் ஆதார் சேவை மையத்தில் திருத்தலாம். ஆதார் உதவி எண் 1947.
4. முடிந்தவரை உங்கள் சொந்த நம்பரையே ஆதாரோடு இணையுங்கள். சாதாரண பட்டன் போன் போதும், ஓ.டி.பி. வரும்.
5. ஆஸ்பத்திரி கவுண்டரில் நீங்களே நேரில் நின்று பதியும்போது தவிர, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். "அபா கார்டு போட்டுத் தர்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போனில் யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். அபா பற்றிய சந்தேகத்துக்கு 14477.
6. காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையே இணையத் திருடர்கள் முடக்கினார்கள். பல நாள் எல்லாம் கையால் எழுதித்தான் நடந்தது. அப்படி ஒரு நாளில் நம் நோட்டுதான் உதவும்.
7. சோதனை முடிவு உங்கள் உடம்புக்குப் பொருந்தாத மாதிரி தெரிந்தால், "இது என்னுதுதானா? இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கதையில் வந்த மாமியார் அந்தக் கேள்வியைத் தாமதமாகத்தான் கேட்டார். நாம் மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் கேட்போம்.

சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதுபோல் இருந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

- நம் குழுவில் ஒரே பேர் உள்ளவர்கள் எத்தனை பேர்? ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறதா?
- எத்தனை பேருடைய ஆதார், சொந்தப் போன் நம்பரோடு இணைந்திருக்கிறது? கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். யாரையும் ஏன் என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.
- நம் வீட்டு மெஷினில் கடைசியாகப் பார்த்த அளவு யாருடையது? உறுதியாகச் சொல்ல முடியுமா?

பேசி முடித்ததும் இந்த மூன்று தீர்மானங்களைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடலாம்: ஒவ்வொரு உறுப்பினரும் தனி உடல்நல நோட்டு போடுவது, முகாமில் அளவை மெதுவான குரலில் சொல்லச் சொல்வது, சொந்த நம்பர் இணைக்க விரும்பும் தோழிகளோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணைக்குப் போவது.

பாஸ் புத்தகத்தில் பத்து ரூபாய் தவறினாலும் விடமாட்டோம் அல்லவா? அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தோடு உடல்நல நோட்டையும் கொண்டு வாருங்கள், தோழிகளே.